நெஞ்சில் நீர், காலில் கட்டு

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மிக்சி ஜாரை ரிப்பேருக்குக் கொடுத்தேன். பிளேடு முழுதும் மாற்ற வேண்டுமாம். சட்னி இல்லாமல் ஒரு வாரம்.

மதியம் ஒரு வெட்டுக் கேஸ். ஐயம்பெருமாள், நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தோள், முன்கை, வயிறு, வலது தொடை. முன்கையில் இருப்பது தடுக்கப்போய் வாங்கியது. வயிற்று வெட்டு மண்ணீரலைப் பிளந்திருந்தது. வெட்டியது அவர் மனைவியின் தம்பி கொம்பையா. இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவிலிருந்த வரப்பை ஐயம்பெருமாள் ஜேசிபி வைத்துச் சரித்தாராம். ஒரு வரப்புக்கு இவ்வளவு ரத்தமா என்று கேட்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

சர்ஜன் குருபாதம் மண்ணீரலை எடுத்தார். அவர் ரத்தத்தை உறிஞ்ச உறிஞ்ச நாங்கள் சலைனை ஊற்றிக்கொண்டிருந்தோம். தரை வழுக்கியது. "வசுமதி, நாம இவனுக்கு ஏத்தலை. இவன் வழியா சாக்கடைக்கு ஏத்தறோம்" என்றார். தியேட்டரில் அவர் இப்படித்தான் பேசுவார். சொல்லிக்கொண்டே ரத்தக்குழாயைப் பிடித்துக் கட்டினார்.

சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது ரத்த அழுத்தம் ஓரளவு நிலைத்திருந்தது. மூச்சு வென்டிலேட்டரில்.

வெளியே ஐயம்பெருமாளின் அண்ணன் தளவாய், அவருடைய ஆட்கள், அவர்களின் அம்மா. அவர்களிடமிருந்து தள்ளி, லிஃப்ட் ஓரமாகத் தரையில் ஒரு பெண். சேலையில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. மனைவி, பேச்சித்தாய் என்று சிஸ்டர் ஜெபராணி சொன்னார். அவளுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டும் வெள்ளை. நேற்று ஊற்றியது எதுவும் குழாய்க்குள் நிற்கவில்லை. இப்படி அடிபட்ட உடம்பில் ரத்தக்குழாய்கள் சல்லடையாகிவிடும். உயிர் பிழைக்க ஊற்றிய நீர் நெஞ்சில் கசிந்து, இப்போது அதிலேயே அவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார். ஊற்றினால் நுரையீரல் நிறையும். நிறுத்தினால் சிறுநீரகம் சாகும்.

புதிய மானிட்டரை மாட்டினோம். கழுத்துக் குழாயில் குளிர்ந்த சலைனைச் செலுத்த வேண்டும். அது இதயத்தையும் நுரையீரலையும் கடந்து தொடைத் தமனிக்கு வந்து சேரும்போது எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதை வைத்து, நெஞ்சில் எவ்வளவு ரத்தம், நுரையீரலில் எவ்வளவு நீர் என்று சொல்லும். விற்க வந்தவர் இதைக் கண்ணால் பார்த்தது போல விவரித்தார். பார்ப்பதில்லை, கணக்குப் போடுகிறது. கணக்கு தப்பலாம். திரும்பத் திரும்பச் செலுத்தினோம். ஒவ்வொரு முறையும், இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு நீர் என்றது. மூச்சுக்குழாயில் இளஞ்சிவப்பு நுரை ஏறி வந்த பிறகு நானும் நம்பினேன்.

மாடிப்படியில் பேச்சித்தாய் வழிமறித்தாள்.

"டாக்டரம்மா, அவுக நல்லா இருக்காகன்னு அந்தப் பக்கம் சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லுங்க."

"உண்மையே இன்னும் எனக்குத் தெரியாது. நாளை சாயங்காலம் தெரியலாம்."

"அவுக மூச்சு நின்னா எந் தம்பி மூச்சும் நின்னுரும். அவுக அண்ணன், மூத்தவுக, வண்டி டிக்கியில அருவாள வெச்சிக்கிட்டுத்தான் கீழ உக்காந்திருக்காக. சேதிக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்காக."

"தம்பி எங்கே?"

"வக்கீல் வீட்டுல. வெள்ளிக்கெழம கோர்ட்டுல ஆசராயிருவான். அதுவரைக்கும் இவுகள எப்படியாச்சும் வெச்சிருங்க. அப்புறம் அவன் செயில்ல கெடப்பான். செயில்ல கெடந்தா உசுரோட கெடப்பான்."

அவள் அழவில்லை. புருஷன் பிழைக்க வேண்டும் என்று ஒருமுறை, தம்பி பிழைக்க வேண்டும் என்று ஒருமுறை, என் கையை இரண்டு தடவை பிடித்தாள்.

இன்ஸ்பெக்டரிடம் அரிவாள் விஷயத்தைச் சொன்னேன். "இருக்கும் டாக்டர். இந்த ஊர்ல டிக்கியத் தொறந்தா ஸ்டெப்னி இருக்காது, அது இருக்கும்" என்று சிரித்தார். வெள்ளி வரை பிடிக்க வேண்டாம் என்று வக்கீல் பேசியிருப்பதாகவும், அவர் வீட்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிளைப் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

ஆகஸ்ட் 6, வியாழன்

வலது கை வீங்கியிருக்கிறது. எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போலீஸுக்குச் சொன்னதும் இதுதான்.

மதியத்திலிருந்தே அழுத்தம் சரிந்துகொண்டிருந்தது. சிறுநீர் பையில் வடிவது நின்றுபோனது. குருபாதம் போனில், "ரத்தம் பத்தலை. சலைனை வேகமா விடுங்க" என்றார். நுரையீரலில் இடமில்லை என்றேன். "உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்து ஒரு பாட்டில் விடுங்க."

விடுவது எளிது. விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அதற்காகத்தான் கால்களை உயர்த்திப் பார்ப்பது. தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்தால், காலில் கிடக்கும் ரத்தம் இதயத்துக்கு வந்து சேரும். வெளியிலிருந்து ஒரு சொட்டு ஊற்றாமலே ஊற்றியது போல. அழுத்தம் ஏறினால் உடம்பு இன்னும் கேட்கிறது என்று பொருள். ஏறாவிட்டால், ஊற்றுவது வீண். காலை இறக்கியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இதில் யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை.

அந்தக் கட்டிலின் மோட்டார் பழுது. கையால்தான் தூக்க வேண்டும். வலது தொடையில் தையல், கால் பக்கவாட்டில் விழுந்தால் பிரிந்துவிடும். இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துக் கட்டுத்துணியால் கட்டச் சொன்னேன். ஜெபராணி கட்டினார்.

ஐந்து மணிக்கு உறவினர்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது எங்கள் பிரிவின் வழக்கம். ஜன்னல் துணியை ஆயா விலக்கியிருந்தார்.

அம்மா பார்த்தது இதுதான்: தலை தாழ்ந்து நீட்டிப் படுக்க வைத்த மகன். மூச்சுக்குழாய் நழுவாமல் இருக்க வாயைச் சுற்றிக் காது வரை இழுத்துக் கட்டிய வெள்ளை நாடா. மருந்து போட்டு மூடி ஒட்டிய கண்கள். வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிய கால்கள். இந்த ஊரில் வாயையும் காலையும் எப்போது கட்டுவார்கள் என்பது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் நான் மானிட்டரில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் ஏறவில்லை. சலைன் வேண்டாம், காலை இறக்குங்கள் என்று சொல்லி முடிக்கவில்லை.

"எய்யா! காலக் கட்டிட்டாகளே! எம் புள்ள காலக் கட்டிட்டாகளே!"

ஜெபராணி கண்ணாடியிடம் ஓடிக் கையை ஆட்டினார். "சாகல! யம்மா, சாகல! உயிரோட இருக்காரு!" கண்ணாடி கனமானது. வெளியிலிருந்து அலறல் உள்ளே வந்தது, அந்தக் கூச்சலில் அவர் குரல் வெளியே போகவில்லை. தளவாய் ஒரு தடவை தம்பியைப் பார்த்தார். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினார். ஜெபராணியின் வாயசைவைப் புரிந்துகொண்ட பேச்சித்தாய் பின்னாலேயே ஓடினாள். "மூத்தவுகளே, நில்லுங்க! சாகலங்காக, நில்லுங்க!" அவளை ஒருவன் வயிற்றில் உதைத்துத் தள்ளினான். அதையும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

பிறகு அந்தக் கண்ணாடி இல்லை. தீயணைக்கும் சிலிண்டரால் அடித்தார்கள். உள்ளே எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியாது. மருந்து அலமாரியைச் சாய்த்தார்கள். வென்டிலேட்டரை எட்டி உதைத்ததில் குழாய் பிய்ந்தது. கையால் காற்றடிக்கும் ஆம்பு பையை மாட்டி நான் அமுக்கத் தொடங்கினேன். நுரை அவர் வாயிலிருந்து என் முகத்தில் தெறித்தது. ஒருவன் என் பின்னந்தலை முடியைப் பிடித்து இழுத்தான்.

"பொணத்த வெச்சிக்கிட்டு காத்தா அடிக்கிறிய?"

"உயிர் இருக்கிறது. நெஞ்சைப் பார்."

"நீ அமுக்குனா எது வேணா ஏறி எறங்கும்லா!"

அவன் சொன்னதில் தவறில்லை. நான் அமுக்கினால் எதுவும் ஏறி இறங்கும்தான்.

சலைன் ஸ்டாண்டைச் சுழற்றியதில் ஜெபராணியின் நெற்றி கிழிந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, குனிந்து கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி அவர் மானிட்டருக்காகத் தொடைத் தமனியில் போட்டிருந்த குழாயை அழுத்திக்கொண்டிருந்தார். அது பிடுங்கப்பட்டிருந்தால் ஐயம்பெருமாள் அங்கேயே முடிந்திருப்பார்.

நிறுத்தியது அம்மாதான். கண்ணாடித் துண்டுகளின் மேல் வெறுங்காலோடு வந்து மகனின் காலில் விழுந்து கட்டை அவிழ்த்தார். கால் விரல்கள் மடங்கின. அம்மா கையை இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார். "சுடுது. எல, சுடுதுல! உசுரு இருக்குல!"

அறை அப்படியே நின்றது. யாரோ, "அண்ணாச்சிக்கு போனப் போடு" என்றார்கள். போட்டார்கள். தளவாயின் போன் வெளியே நாற்காலியில் கிடந்து அடித்தது.

கொம்பையாவை இங்கேதான் கொண்டுவந்தார்கள். வேறு பெரிய ஆஸ்பத்திரி இல்லை. வக்கீல் வீட்டு வாசலில் வெட்டியிருந்தார்கள், கான்ஸ்டபிள் டீக்குப் போயிருந்த நேரம். அவசரப் பிரிவுக்கு நான்தான் இறங்கிப் போனேன். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில், இடுப்பில், இரண்டு முழங்காலின் பின்பக்கம். ஓட முடியாமல் இருக்க முதலில் காலில் வெட்டியிருக்கிறார்கள். கழுத்து வெட்டில் விரல்களைச் செலுத்தி அழுத்தினேன். மீறி வழிந்தது. இரண்டு கையிலும் ரத்தம் ஏற்றினோம். இருபத்தைந்து வயது இருக்கும்.

"அத்தான் செத்துட்டாகளா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப ஏன்..." என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அவரிடம் எதையும் அளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

பேச்சித்தாய் வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றாள். என் விரல்கள் வெட்டிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தாள். "அவுக?" என்று மேலே காட்டினாள். இருக்கிறார் என்றேன். அவள் சுவரில் நெற்றியை மோதத் தொடங்கினாள். சத்தமே இல்லாமல், ஒரு வேலையைச் செய்வது போல. நான்கு பேர் சேர்ந்துதான் விலக்க முடிந்தது. சுவரில் சிவப்பாக ஒரு வட்டம்.

ஆகஸ்ட் 8, சனி

தலை குளித்தபோது வடிகாலில் கண்ணாடித் தூள். நேற்றும் குளித்தேன், நேற்றும் இருந்தது.

நெற்றியில் தையலோடு ஜெபராணி வேலைக்கு வந்துவிட்டார். நான் ஒருவனை மூச்சுக்குழாய் போடும் கருவியால் முகத்தில் அடித்ததாகவும், அவன் விழுந்த பிறகும் அடித்ததாகவும் சொல்கிறார். "மேடம், அவன் பல்லு ரெண்டு டிரேயில கெடந்துச்சு." எனக்கு நினைவில்லை. கை வீங்கியதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 10, திங்கள்

விசாரணைக் கூட்டம். நிர்வாகத்திலிருந்து மூன்று பேர். கட்டியது ஏன், அந்த நேரத்தில் ஏன், ஜன்னல் துணி ஏன் திறந்திருந்தது. முதல் கேள்விக்குத் தையல். இரண்டாவதற்கு அழுத்தம். மூன்றாவது வழக்கம். ஐந்தரைக்குச் செய்திருக்கலாமே என்றார் ஒருவர். ஐந்தரை வரை அவர் காத்திருக்க மாட்டார் என்றேன். எழுதிக்கொண்டார்கள். குருபாதம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பிறகு நடைபாதையில், "சலைன் விட்டிருந்தா அன்னிக்கே செத்திருப்பான். நீங்க செஞ்சது சரி" என்றார்.

சரி. சோதனையின் முடிவும் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தளவாய் சரணடைந்துவிட்டார். தம்பி உயிரோடு இருப்பதை ஸ்டேஷனில்தான் சொன்னார்களாம். வாந்தி எடுத்தாராம்.

மிக்சி ஜார் வந்துவிட்டது. மூடி பொருந்தவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

நீர் இறங்குகிறது. மருந்துக்குச் சிறுநீரகம் பணிந்துவிட்டது. பை நிறைய நிறைய நுரையீரல் கறுப்பாகிறது. கறுப்புதான் நல்லது, காற்று. மானிட்டரின் கணக்கும் எக்ஸ்ரேயும் முதல்முறையாக ஒன்றையே சொல்கின்றன.

வேறொரு நோயாளிக்குக் கால் உயர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. கட்டவில்லை. ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டோம். எண் ஓடும்போது நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஜெபராணி எண்ணைச் சொன்னார்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

ஐயம்பெருமாளுக்குக் குழாயை எடுத்தோம். குரல் கரகரப்பு. எதையும் இப்போது சொல்ல வேண்டாம் என்று அம்மா கெஞ்சினார். நான் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வாங்க வந்தார். இன்ஸ்பெக்டர் கதவோரம் நின்றார். வெட்டியது யார்?

"தெரியல ஐயா. இருட்டா இருந்துது."

"பட்டப்பகல்ல நடந்தது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு இருட்டாத்தான் இருந்துது."

"மச்சினன் கொம்பையாவா?"

"அவன் சின்னப்பய. அவனுக்கு அருவாப் புடிக்கவே தெரியாது. அவன விட்ருங்க."

மாஜிஸ்திரேட் எழுதியதை வாசித்துக் காட்டினார். ஐயம்பெருமாள் இடது கைப் பெருவிரலைப் பதித்தார். செத்து ஒரு வாரமானவனைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் உடனே தூங்கிப்போனார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

பேச்சித்தாய் வந்தாள். தம்பியின் காரியம் எல்லாம் முடிந்திருக்கிறது. நெற்றியில் பொருக்கு.

"சொல்லிட்டீகளா?"

"இல்லை."

"நான் சொல்லிக்கிடுதேன்."

இப்போது அதிர்ச்சி கூடாது என்று சொல்லலாமா என யோசித்தேன். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். நான் மானிட்டர் பக்கம் நின்றேன்.

"கொம்பையாவ ஒங்க அண்ணன் வெட்டிட்டாரு. கொன்னுபோட்டாரு. நீங்க செத்துட்டீகன்னு நெனச்சு வெட்டிட்டாரு."

துடிப்பு ஏறியது. அழுத்தம் ஏறியது. அவ்வளவு தூரம் ஏறும் என்று நான் நினைக்கவில்லை.

"நான் சாகலியே" என்றார்.

"ஆமா. நீங்க சாகல."

அவர் கையை நீட்டினார். தோள் கட்டு கிழிந்து ரத்தம் கசியும் அளவுக்கு நீட்டினார். பேச்சித்தாய் அந்தக் கையைப் பார்த்தபடியே நின்றாள், கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில். பிறகு அவர் தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளத் தொடங்கினார். அவள் தடுக்கவில்லை. நானும் ஜெபராணியும்தான் பிடித்தோம். தையல் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. திரும்பப் போட்டோம்.

ஆகஸ்ட் 20, வியாழன்

கை சரியாகிவிட்டது. தோசை திருப்ப முடிகிறது.

பேச்சித்தாய் தினமும் வருகிறாள். அவருக்கு உடம்பு துடைக்கிறாள், கஞ்சி ஊட்டுகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஸ்பூன் பல்லில் இடிக்கும் சத்தம் எனக்கு மேஜை வரை கேட்கிறது. "இத விட அவ அவர வெளக்குமாத்தால சாத்தலாம் மேடம்" என்றார் ஜெபராணி.

ஆகஸ்ட் 24, திங்கள்

இன்று ஐயம்பெருமாளை வீட்டுக்கு அனுப்பினோம்.

சிறுநீரகம் இன்னும் முழுதாக எழவில்லை. இதயமும் பலவீனம். இப்படிப்பட்டவர்களை அனுப்பும்போது வீட்டில் பார்த்துக்கொள்பவரை உட்கார வைத்துத் தண்ணீர் பற்றிச் சொல்வது என் வழக்கம். பேச்சித்தாயை அறைக்குக் கூப்பிட்டேன். அவள் கவனமாகக் கேட்டாள். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். கணுக்கால் வீங்குகிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். தண்ணீர், கஞ்சி, மோர், காப்பி எல்லாம் சேர்த்து ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாது.

"தாகம் தாகம்னு கேக்காகளே."

"கேட்பார். கெஞ்சுவார். கொடுக்கக் கூடாது."

"குடுத்தா?"

"நெஞ்சில் நீர் கோக்கும். படுத்தால் மூச்சு முட்டும். அன்றைக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தீர்களே, குழாயில் அந்த நுரை."

"பாத்தவுக என்னன்னு நெனப்பாக?"

"என்ன?"

"அப்படி ஆனா. ஆரும் என்ன நெனப்பாக? தாகத்துக்குக் குடுத்தாள்னுதான நெனப்பாக?"

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டவள் அவள்தானா என்றுகூடத் தோன்றியது. மேஜையில் அளவு காட்ட வைத்திருந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நான் என் வேலையைத் தொடர்ந்தேன். அளவைச் சொல்ல வாய் திறந்தேன். அவள் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் இறங்கியது.

"சொல்லாதீங்க."

"இது தெரியாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது."

"தெரிஞ்சா எங் கை சும்மா இருக்காது டாக்டரம்மா. ஒரு நா இல்லாட்டி ஒரு நா செஞ்சிருவேன். இப்பவே பாதி தெரிஞ்சு போச்சு. மீதிய அவுக அம்மாட்ட சொல்லுங்க. பெத்தவுக, அவுக அளந்து குடுப்பாக."

கையை விட்டாள். டம்ளரை மேஜையின் நடுவில், விளிம்பிலிருந்து தள்ளி வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு, கட்டில் இருக்கும் பக்கம் திரும்பாமல், படியில் இறங்கிப் போனாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். காலில் இன்னும் கட்டு, நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பேச்சி எங்க போறா?"

"வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்கு?"

தெரியாது என்றேன். பிறகு தண்ணீரின் அளவைச் சொல்லத் தொடங்கினேன்.